பிடித்தவர்களின் பேட்டியைப் பார்க்க முடியாமல் எழுந்து போன அனுபவம் யாருக்காவது உண்டா?

ரேடியோப்பெட்டி:

பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி. எந்த சேனல், எந்தப் பாடகி என்பதெல்லாம் வேண்டாம். எழுபதைத் தாண்டியவர், ரேடியோ கேட்டு வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த குரல். தொகுப்பாளினி வழக்கம்போல ஆரம்பித்தார். “எங்களுக்காக ரெண்டு வரி பாடுங்களேன்மா.” அம்மா, “தொண்டை கட்டியிருக்கு கண்ணு” என்றார். விட்டால்தானே? “ப்ளீஸ்மா, ரெண்டே ரெண்டு வரி.”

பல்லவியைக் கீழ்ச்சுருதியில் பாடினார், நன்றாகவே இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம், சரணத்துக்குப் போய்விட்டார். மேலே ஏறும் அந்த இடம் உங்களுக்கே தெரியும். ஏறப் போனவர் குரல் உடைந்து நின்றார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண் கைதட்டி, “வாவ், இப்பவும் அதே குரல்!” என்றது.

நான் எழுந்து அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்திருந்த பால் பாத்திரத்தை மறுபடி தேய்த்தேன். “என்னடி ஆச்சு?” என்றார் வீட்டுக்காரர். என்ன சொல்ல? குரல் போனதில் எனக்கு வருத்தமில்லை, வயசானால் போகத்தான் செய்யும். “அதே குரல்” என்றதும் அவர் அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அதுதான் போகவே மாட்டேன் என்கிறது. இரண்டு வருஷம் ஆகிறது. பண்பலையில் அந்தப் பாட்டு வந்தால் சரணத்துக்கு முன்னாலேயே கை வால்யூம் பக்கம் போகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

மூணாவது வரிசை:

உங்களுக்கு மட்டுமில்லை அக்கா. 2015 டிசம்பர், சென்னை வெள்ளம் வடிந்த சமயம். வெள்ள நிவாரணம் தொடர்பான ஒரு நிகழ்ச்சியில் இளையராஜா சாரிடம் போய், கெட்ட வார்த்தைக்காகச் சர்ச்சையான ‘பீப் பாடல்’ பற்றி ஒரு நிருபர் கேட்டாரே, “உனக்கு அறிவிருக்கா?” என்று அவர் திருப்பிக் கேட்டாரே, அதுதான். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்பா 76-லிருந்து வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகள் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. நான் ராஜா வெறியன் என்பது ஆபீஸில் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். மறுநாள் கேன்டீனில் ஒருத்தன் அந்த வீடியோவைப் போட்டு, “என்ன பாஸ், உங்க ஆளு இப்படி?” என்றான். ஊரே தண்ணீரில் மிதந்தபோது கேட்கிற கேள்வியா அது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். கையில் பாதி தின்ற போண்டா. அவர் கோபப்பட்டது அல்ல, நான் சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

கணக்கு வாத்தியார்:

இருவரும் மைக் பிடித்தவர் மேலேயே பழியைப் போடுகிறீர்கள். நிருபர் கேள்வி கேட்கத்தான் வருவார். பிடிக்கவில்லை என்றால் “அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை” என்று நகரலாம்.

வாத்தியார் வேலைக்கு வருவதற்கு முன் உள்ளூர் கேபிள் சேனலில் எட்டு மாதம் இருந்தேன். தீபாவளிக்கு ஒரு பழைய நகைச்சுவை நடிகரைப் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். கையில் கொடுத்த தாளில் பத்துக் கேள்வி. மூன்றாவது கேள்விக்குப் பக்கத்தில் பேனாவால் ‘அந்த வசனம், கட்டாயம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அதுதான் முன்னோட்டத்தில் ஓடும், அதைக் காட்டித்தான் விளம்பரம் வாங்குவார்கள். மனிதர் மனைவி இறந்து மூன்று மாதம். எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். முகத்தைச் சட்டென்று மாற்றி, அதே இழுவையோடு அந்த வசனத்தைச் சொல்லிவிட்டு, “போதுமா தம்பி?” என்றார். அந்தப் பெண்ணுக்கும் காதுக்குள் ஒருத்தர் கத்திக்கொண்டிருந்திருப்பார். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

தூத்துக்குடி மக்ரூன்:

இது அரசியல் பதிவு அல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஜெயலலிதா அம்மாவைச் சின்ன வயதிலிருந்து பிடிக்கும். 2004-இல் கரண் தாப்பர் பேட்டி. முன்னால் இருக்கிற காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறீர்களா என்றும், சோதிடம், எண் கணிதம் என்றும் மனிதர் விடவேயில்லை. கடைசியில் உங்களுடன் பேசியதில் மகிழ்ச்சி என்று அவர் கை நீட்ட, எனக்கு மகிழ்ச்சி இல்லை, நமஸ்தே என்று முடித்துவிட்டார். நீட்டிய கை நீட்டியபடி. எல்லோரும் பார்க்கவே சங்கடமாக இருந்தது என்றார்கள். எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, மூன்று தடவை பார்த்தேன்!

நான் எழுந்து போனது வேறொன்றுக்கு. 1999-இல் சிமி கரேவாலுடன் ஒரு பேட்டி. கிரிக்கெட் வீரர் நரி கான்ட்ராக்டரைப் பார்ப்பதற்காகவே டெஸ்ட் மேட்சுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டு ஒரு வெட்கம். அப்புறம் ஒரு பழைய இந்திப் பாட்டைச் சன்னமாகப் பாடினார். அழகாகத்தான் பாடினார். ஆனால் கதவு லேசாகத் திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி எனக்குக் காது சூடாகிவிட்டது. பாட்டு முடியும்வரை மாடியில் போய் நின்றேன். திட்டு வாங்குவதைப் பார்க்க முடிகிறது, வெட்கப்படுவதைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.

மூணாவது வரிசை:

வாத்தியார் சார், “நகரலாம்” என்று சொல்வது சுலபம். நீங்கள் அந்த நகைச்சுவை நடிகரை நகர விட்டீர்களா?

நலம் விரும்பி:

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. அபிமான எழுத்தாளர் ஒருவர் மேடைப் பேட்டியில் முக்கால் மணி நேரம் தன் முதுகுவலி பற்றியே பேசினார். அது இருக்கட்டும்.

நண்பர்கள் இதைக் கொஞ்சம் முறையாக அணுகலாம். பட வெளியீட்டுச் சமயத்தில் வருகிற பேட்டிகளைத் தொடவே கூடாது. ஒரு ஓட்டல் அறையில் நடிகரை உட்கார வைத்து, சேனலுக்குப் பத்து பதினைந்து நிமிஷம் என்று காலையிலிருந்து வரிசையாக எடுப்பார்கள். அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு. சாயங்காலம் எடுத்ததில் முகம் தொங்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு “திமிர் பிடித்தவர்” என்று முடிவு கட்டுகிறோம். இரண்டாவது, அச்சில் வந்த பேட்டியைப் படியுங்கள். திக்கலும் இழுவையும் எழுத்தில் காணாமல் போய்விடும். மூன்றாவது, வீடியோதான் வேண்டும் என்றால் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாருங்கள். சங்கடமான மௌனம் எல்லாம் அரை நொடியில் ஓடிவிடும். நான்காவது, விளையாட்டு வீரர்கள் பக்கம் வாருங்கள். 2022 பிப்ரவரியில் பிரக்ஞானந்தா இணையவழிச் செஸ் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை வென்றபோது வயது பதினாறு. எப்படிக் கொண்டாடப் போகிறாய் என்று கேட்டதற்குப் போய்த் தூங்கப் போவதாகச் சொன்னார். இந்திய நேரப்படி ராத்திரி இரண்டரை மணி, வேறென்ன செய்வது? கேட்பவருக்கும் வேலை முடிந்தது, பார்க்கிற நமக்கும் நிம்மதி. ஐந்தாவது, பேட்டி பார்ப்பதற்கு முன் ஒரு டம்ளர் மோர் குடித்தால் படபடப்பு குறையும். என் அனுபவம்.

தூத்துக்குடி மக்ரூன்:

மோரா? சரிதான். அய்யா, ஒன்றரை மடங்கில் ஓட்டினால் அந்த வெட்கம் போய்விடுமா? அந்த முதுகுவலி எழுத்தாளர் யார் என்று சொல்லுங்கள், அதுதான் சுவாரசியம்.

கணக்கு வாத்தியார்:

மூணாவது வரிசை தம்பிக்கு: விடவில்லை. அதனால்தான் எழுதினேன்.

ரேடியோப்பெட்டி:

மோரெல்லாம் நான் கேட்கவில்லை அண்ணா, ஆனாலும் நன்றி. வாத்தியார் சார், தாளில் எழுதியிருந்தது சரி. “தொண்டை கட்டியிருக்கு” என்று அம்மா சொன்னாரே, அதைக் கேட்டுக்கொள்வது யார் வேலை என்று மட்டும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். போகட்டும், அந்தப் பெண்ணும் சின்னப் பிள்ளைதான்.

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்ததும் ஒரு தைரியம் வந்து, நேற்று ராத்திரி அந்தப் பேட்டியை யூடியூபில் தேடிப் பார்த்தேன். சேனல்காரர்களே போட்டிருக்கிறார்கள். சரணம் இல்லை, வெட்டிவிட்டார்கள். பல்லவி முடிந்ததும் நேராகக் கைதட்டல், “இப்பவும் அதே குரல்!” அந்தப் பார்வையும் இல்லை. கீழே நிறையப் பேர் அதையே எழுதியிருக்கிறார்கள், அதே குரல், அதே குரல் என்று.

அன்றைக்கு டிவியில் பார்த்தவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா?