சூட்டு வலியா, பிள்ளை வலியா: உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

எனக்கு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். ஒன்பதாம் மாதம், சித்திரை வெயில். குடிதண்ணீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் வீடு, அதனால் நானும் அளந்துதான் குடிப்பேன். ஒரு ராத்திரி வயிறு கல் மாதிரி இறுகியது. விட்டது, மறுபடி இறுகியது. வீட்டுக்காரர் கடலில். நான் அழவே ஆரம்பித்துவிட்டேன்.

மாமி பதறவில்லை. "சூட்டு வலியா இருக்கும், முதல்ல ஒண்ணுக்குப் போயிட்டு வா" என்றார். சொம்பு நிறையச் சீரகத் தண்ணீர் கொடுத்து இடதுபக்கமாகப் படுக்க வைத்தார். போனில் மணி பார்த்துக் காலண்டர் தாளின் பின்னால் குறித்தோம். 8 நிமிஷம், அப்புறம் 20, அப்புறம் 12. ஒழுங்கே இல்லை. இரண்டாவது சொம்பு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. மறுநாள் நர்சம்மா இந்தச் சூட்டு வலியை, அதாவது பொய் வலியை, விளக்கினார்: உடம்பில் நீர் குறைந்தாலும், மூத்திரம் முட்டினாலும் கர்ப்பப்பை இப்படி இறுகிப் பார்க்குமாம், ஆனால் அதன் வாய் திறக்காதாம்.

நிஜ வலி வந்த அன்றுதான் வேடிக்கை. அது பயமுறுத்தவே இல்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். தூரமாகிற நாளில் வருகிற மாதிரி நடு இடுப்பில் ஓர் இழுப்பு, அப்படியே முன்பக்கம் சுற்றி வந்து போனது. வாயு என்று நினைத்தேன். தண்ணீர் குடித்தேன், நடந்தேன், படுத்தேன், எதற்கும் மசியவில்லை. 15 நிமிஷம், 10, 7. வலி ஏறும்போது பேச்சே நின்றுபோனது. 5 நிமிஷத்துக்கு ஒருதரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம், அப்படியே ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம் என்று சொல்வார்கள். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போகவே ஒரு மணி நேரம் ஆகும்போது, தீவில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. 7 நிமிஷத்திலேயே 108ஐக் கூப்பிட்டோம்.

*

நான் கீழக்கரை. காலண்டரில் குறித்தது நல்ல வேலை, சகோதரி. எனக்கு அப்போது 33 வாரம்தான். உம்மா சூட்டு வலி என்றே விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். லாத்தா (அக்கா) பக்கத்தில் உட்கார்ந்து மணி பார்த்தார்: சொல்லிவைத்த மாதிரி 10 நிமிஷத்துக்கு ஒன்று. அவர்தான் கையைப் பிடித்துக் கிளப்பினார். ஆஸ்பத்திரியில் வலியை நிறுத்த மருந்து கொடுத்து, பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கு ஊசியும் போட்டார்கள். 37 வாரம் முடிவதற்கு முன் வலி ஒழுங்கு வைத்து வந்தால் சீரகத் தண்ணீரெல்லாம் அப்புறம், முதலில் வண்டி.

*

தொண்டியில் இருந்து. எனக்கு வலியே இல்லை, பனிக்குடம் முதலில் உடைந்தது. மூத்திரம்தான் கசிகிறது என்று இரண்டு தரம் பாவாடை மாற்றினேன். அடக்கிப் பார்த்தும் நிற்காதபோதுதான் புரிந்தது. இதற்கு மணி பார்க்கிற வேலையே கிடையாது, உடனே கிளம்ப வேண்டியதுதான். ரத்தம் பட்டாலும், பிள்ளை அசைவு குறைந்தாலும் அப்படித்தான். 108இல் வந்த தம்பி கேட்ட முதல் கேள்வி, "நீர் என்ன நிறத்துல இருந்துச்சுக்கா?" நானோ இரண்டு பாவாடையையும் அலசிக் கொடியில் போட்டுவிட்டல்லவா வந்திருந்தேன்.