பொருள்: "லோக்கல் ஆஃப்" – தமிழில் என்ன போடலாம்? சனிக்கிழமைக்குள் வேண்டும்

அஸ்தம்பட்டி:
அன்பர்களே, சின்தசைசரைப் பதிவு மென்பொருளோடு இணைக்கும் பயிற்சிக் கையேடு சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் பாக்கி. கட்டையை அழுத்தினால் கருவி உடனே ஒலிக்கிறது. அதே மிடிச் செய்தி (மிடி என்பது இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) யூஎஸ்பி வழியாக மென்பொருளுக்குப் போய், தடத்தின் வெளியீட்டில் திரும்பி வந்து மறுபடியும் ஒலிக்க வைக்கிறது. ஒரு சுரம் இரண்டாகி, குழாய்க்குள் பாடுவதுபோல் கேட்கும். ஒரே நேரத்தில் 16 சுரம் ஒலிக்கும் கருவி 8 சுரமாகச் சுருங்கும். தீர்வு, கருவியின் மிடி அமைப்பில் லோக்கலை ஆஃப் செய்வது. மொழிபெயர்ப்பு எந்திரம் "உள்ளூர்க் கட்டுப்பாடு நீக்கம்" என்கிறது. ஊரடங்கைத் தளர்த்திய மாதிரி இருக்கிறது.

சூரமங்கலம்:
தன்னொலி நீக்கம். தனிக்குறில்முன் ஒற்று இரட்டியிருக்கிறது, புணர்ச்சியில் குறையில்லை.

ஏற்காடு:
புணர்ச்சி சரி, பொருள் தப்பு ஐயா. லோக்கலை அணைத்த பிறகும் கருவி தன் ஒலியைத்தான் தருகிறது, மென்பொருள் சொல்லும்போது. போவது கட்டைக்கும் ஒலி பிறக்கும் பகுதிக்கும் நடுவிலுள்ள உள்வழி மட்டும். மிடியில் இதற்கான கட்டுப்பாட்டு எண் 122. மதிப்பு 0 என்றால் வழி இல்லை, 127 என்றால் உண்டு. ஆகவே "உள்வழி அறுப்பு".

செவ்வாய்ப்பேட்டை:
அதற்குமுன் ஒன்று. தமிழில் "மிடி" என்றால் வறுமை. "மிடி வெளியீடு", "மிடித் தடம்" என்று கையேடு முழுக்கப் பஞ்சப்பாட்டாக இருக்கிறதே!

அஸ்தம்பட்டி:
1983இலிருந்து உலகம் முழுக்க அதே பெயர். விடுங்கள் அண்ணா.

சூரமங்கலம்:
"கட்டை"யையாவது "விசை" ஆக்குங்கள்.

ஏற்காடு:
ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டை சி, நாலாவது எஃப், அஞ்சாவது ஜி. அதனால்தான் பாடகர் தன் சுருதியை "நாலு கட்டை" என்கிறார். "நாலு விசையில் பாடுகிறேன்" என்றால் பக்கவாத்தியக்காரர் எழுந்து போய்விடுவார்.

கொண்டலாம்பட்டி:
என் சொல் "உள்மடை அடைப்பு". கட்டையிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிகிறது. உள்ளே போவதை அடைத்து, மென்பொருளைச் சுற்றி வருவதை மட்டும் விடுகிறோம்.

செவ்வாய்ப்பேட்டை:
மடைப்பள்ளியில் வருவதும் மடைதான். சோற்றையா அடைப்பது? மதகு என்றாலாவது மேட்டூர் பார்த்த பிள்ளைக்குப் புரியும்.

கொண்டலாம்பட்டி:
மதகு அணைக்கு. இது வயல் அளவு வேலை.

ஏற்காடு:
பெயர் எதுவானாலும் இதை அதே பக்கத்தில் சேருங்கள். இரட்டைக்கு இன்னொரு காரணம் உண்டு. ஆடியோ இடைமுகத்தின் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பி வெளியே எடுக்கும் பெட்டி) நேரடிக் கேட்பும் மென்பொருள் வழிக் கேட்பும் ஒன்றாகத் திறந்திருந்தாலும் இரண்டாகக் கேட்கும். நொடிக்கு 48,000 மாதிரி வேகத்தில் பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் மாதிரிகள்) 256 என்றால் உள்ளே வர 5.3, வெளியே போக 5.3; குறைந்தது 10.6 மில்லிநொடி பிந்துகிறது. ஹெட்போனைக் கருவியிலேயே செருகிக் கேட்கச் சொல்லுங்கள். அங்கேயும் இரட்டை என்றால் லோக்கல். அங்கே ஒற்றையாகவும் இடைமுகத்தில் இரட்டையாகவும் இருந்தால் கேட்பு வழிகளில் ஒன்றை மூடினால் போதும். இன்னொன்று: லோக்கல் ஆஃபில் இருக்கும்போது மென்பொருளை மூடிவிட்டால் கட்டை ஊமை. தடத்தில் பதிவுப் பொத்தானும் கேட்புப் பொத்தானும் போடாவிட்டாலும் அப்படியே. கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

சூரமங்கலம்:
பேசாமல் "லோக்கல் ஆஃப்" என்றே விட்டுவிடலாமே. திரையில் அதுதானே தெரியப்போகிறது? தேடுகிற விரலுக்கு அறுப்பும் தெரியாது, அடைப்பும் தெரியாது.

செவ்வாய்ப்பேட்டை:
தன்னொலி கேட்டவரா இது! "லோக்கல்" என்றால் நம் பிள்ளைகளுக்கு டவுன் பஸ். இல்லாவிட்டால் "அவன் லோக்கலு".

அஸ்தம்பட்டி:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். உள்வழி அறுப்புக்கு நான்கு பேர், மற்றவற்றுக்கு ஒவ்வொருவர். தலைப்பில் "உள்வழி அறுப்பு", திரைப்படத்துக்குக் கீழே "லோக்கல் ஆஃப்" என்று போட்டுவிட்டேன். திரைப்படம் என்றது கருவித் திரையின் படத்தை. அதற்கு வேறு இழை தொடங்காதீர்கள்.

கொண்டலாம்பட்டி:
அச்சாகட்டும். ஆனால் அறுத்தது ஒட்டாது அம்மா. 127 அனுப்பினால் வழி திரும்ப வருகிறதே? மடையைத்தான் அடைக்கவும் முடியும், திறக்கவும் முடியும்.