திருவிதாங்கூர் அஞ்சல் உறை: 'ஆன் எஸ் எஸ்' மேலச்சு அசலா?

வணக்கம். நாகர்கோவிலில் தாத்தா வீட்டுத் தகரப்பெட்டியில் கிடைத்த ஒரு திருவிதாங்கூர் அஞ்சல் உறையை வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகத் திண்டாடுகிறேன். சங்குச் சின்னம் போட்ட நாலு காசுத் தபால்தலை, அதன்மேல் கறுப்பில் 'ஆன் எஸ் எஸ்' (ஆன் சர்க்கார் சர்வீஸ்) என்ற மேலச்சு, அதாவது தலை அச்சான பிறகு அதன்மேல் அடித்த எழுத்து. சர்க்கார் கடிதங்களுக்காக 1911 முதல் இப்படி மேலச்சிட்டார்கள். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில்தானே இருந்தது.

தபால் முத்திரையின் ஒரு வளைவு இரண்டாவது 'எஸ்'ஸைக் குறுக்காக வெட்டிப் போகிறது. சந்தேகமே அங்கேதான். மேலச்சு மை முத்திரைக்கு அடியில் இருந்தால் நல்லது. மேலே இருந்தால், பின்னாளில் யாரோ சாதாரணத் தலையில் அடித்த போலி.

பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், 1200 டிபிஐயில் ஸ்கேனும் எடுத்தேன். இரண்டுமே கறுப்பு மை, பிரித்தறிய முடியவில்லை. முத்திரையில் தேதி மங்கிப்போய்விட்டது, 'நாகர்' என்பது மட்டும் தெரிகிறது. தலையை நனைத்து எடுக்கச் சொன்னார் ஒரு வியாபாரி. அதைச் செய்ய மாட்டேன், தாத்தா பத்திரப்படுத்தியது முழு உறையை.

தலையைக் கழற்றாமல், எந்த மை மேலே இருக்கிறது என்று உறுதியாகக் கண்டுபிடிக்க என்ன வழி?