மாற்றியமைத்த எவோ 10 விற்பனை: கோவை நண்பர்களின் யோசனை தேவை

மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் 10. மாடல் 2010, கோவையில் பதிவானது 2011 கடைசியில். பொங்கலிலிருந்து விற்கப் பார்க்கிறேன், விலை படியவில்லை.

2 லிட்டர் 4பி11 டர்போ எஞ்சின், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். டர்போவைப் பெரிதாக்கி, இன்டர்கூலர், சஸ்பென்ஷன், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ட்யூனிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது. 3 அங்குல எக்ஸாஸ்ட் கணபதியில் ஒரு பட்டறையில் செய்தது. வெல்டிங் தையல் காசுகளை அடுக்கியதுபோல் இருக்கும். புகையோ எண்ணெய்க் கசிவோ இல்லை.

அவினாசி சாலை வியாபாரிகள் பானெட்டைத் திறந்த வேகத்தில் மூடிவிடுகிறார்கள். ஒருவர் சொன்ன விலைக்கு நல்ல ஸ்விஃப்ட்கூடக் கிடைக்காது. விளம்பரம் பார்த்து ஈரோடு, திருப்பூரிலிருந்து வரும் தம்பிகள் ஒரு சுற்று ஓட்டி, வீடியோ எடுத்துக்கொண்டு, "அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன், அண்ணா" என்று போய்விடுகிறார்கள். செட்டிபாளையம் ரேஸ் டிராக் பக்கம் விசாரித்தால் எஞ்சினை மட்டும் கேட்கிறார்கள். காரைக் கூறுபோட எனக்கு மனமில்லை.

உண்மையான முடிச்சு ஆர்.சி. (பதிவுச் சான்று). அதன் 15 ஆண்டுக் காலம் முடியப்போகிறது, புதுப்பிக்க வேண்டும். கம்பெனி அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கும்போது, இந்தக் கோலத்தில் ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் கொண்டுபோக முடியாது. கழற்றிய கம்பெனி பாகங்கள் அத்தனையும் குடோனில் பத்திரமாக இருக்கின்றன. திரும்ப மாட்டக் கூலிதான் பயமுறுத்துகிறது.

இப்படிப்பட்ட காரை விற்றவர்கள் சொல்லுங்கள்: பழையபடி மாற்றி, ஆர்.சி. புதுப்பித்து விற்பதா, இப்படியே டிராக்கில் மட்டும் ஓட்டுபவருக்குக் கொடுப்பதா, எதில் கைக்கு அதிகம் நிற்கும்?