மைனஸ் 40-இல் ஏரி போடும் சத்தம்

யெல்லோநைஃபில் எனக்கு இது நான்காவது குளிர்காலம். கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களுக்குத் தலைநகரம், கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் இருக்கிறது, ஆர்க்டிக் வட்டம் இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் எல்லோரும் "எப்படித்தான் அந்தக் குளிரைத் தாங்குகிறீர்களோ" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். தாங்குவதற்கு வழி இருக்கிறது, நல்ல உடுப்பு இருந்தால் போதும். ஆனால் மைனஸ் 10-இல், மைனஸ் 15-இல் எத்தனை நாள் காத்திருந்தாலும் கிடைக்காத சில காட்சிகளும் சத்தங்களும் மைனஸ் 35-க்குக் கீழே இறங்கினால்தான் கிடைக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. அதைத்தான் எழுத ஆசை.

காலையில் கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்த உடனேயே தெரிந்துவிடும், மூக்குக்குள் இருக்கும் முடிகள் விறைத்துக்கொண்டு குத்தும். இரண்டு நிமிடம் நடந்தால் இமை முடிகளில் வெள்ளை படியும், கொஞ்ச நேரம் கண்ணை மூடித் திறந்தால் மேல் இமையும் கீழ் இமையும் லேசாக ஒட்டிக்கொண்டு பிரியும். காலடிச் சத்தம் மாறிவிடும். மைனஸ் 5-இல் பனி காலுக்கடியில் சத்தமில்லாமல் அமுங்கும், மைனஸ் 35-இல் ஒவ்வொரு அடிக்கும் கிரீச், கிரீச் என்று கத்தும், ஏனென்றால் மிதிக்கும்போது அந்தப் படிகங்கள் இளகுவதில்லை, ஒன்றோடொன்று உரசி உடைகின்றன. வீட்டு வாசலில் நிற்கும் கார்களின் முகப்பில் ஒரு மின்கம்பி தொங்கும், எஞ்சினைச் சூடாக வைத்திருக்க இரவெல்லாம் அதைப் பிளக்கில் மாட்டிவைக்க வேண்டும். டயர்கள் தரையில் அழுந்திய பக்கம் தட்டையாக இறுகிப்போயிருக்கும், கிளம்பியதும் கொஞ்ச தூரம் வண்டி தடக் தடக் என்று குதித்துக்கொண்டே போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைனஸ் 39, துளிக்கூடக் காற்றில்லை. டெட்டா போகும் பனிச்சாலையில் நடக்கலாம் என்று கிளம்பினேன். டெட்டா என்பது ஏரியின் விரிகுடாவுக்கு அக்கரையில் டெனே பழங்குடி மக்கள் வாழும் ஊர். கோடையில் தரைவழியாகச் சுற்றிக்கொண்டு 27 கிலோமீட்டர் போக வேண்டும், ஏரி உறைந்த பிறகு நேராகப் பனிக்கட்டி மேலேயே ஆறரை கிலோமீட்டரில் போய்விடலாம். பனிக்கட்டியின் தடிமனை அளந்து பார்த்த பிறகுதான் வண்டிகளை அனுமதிப்பார்கள்.

பனியைத் தள்ளி ஒதுக்கிய இடங்களில் சாலை கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். கீழே நீண்ட விரிசல்கள், மேலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடு, பக்கவாட்டில் பார்த்தால் அதே கோடு திரைச்சீலை போல மடிந்து மடிந்து இருட்டுக்குள் இறங்குகிறது. மேலெழும்போதே உறைந்துபோன காற்றுக் குமிழ்கள், காசை அடுக்கிவைத்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக. அதைப் படமெடுக்க வேண்டும் என்று வலது கையுறையைக் கழற்றினேன், அங்கேதான் தப்பு செய்தேன். இரண்டு படம் எடுப்பதற்குள் போன் அணைந்துவிட்டது, பாட்டரி குளிரைத் தாங்கவில்லை. மறுபடி உயிர்ப்பிக்கலாம் என்று வெறுங்கையோடு நோண்டிக்கொண்டே இருந்ததில் நடுவிரல், மோதிரவிரல் நுனி இரண்டும் மெழுகு போல வெளுத்துவிட்டன. வலிக்கவே இல்லை. வலி இல்லாததுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

டெட்டா பக்கமிருந்து வந்த ஒரு டிரக் என் பக்கத்தில் நின்றது. அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒருவர் இறங்கினார். நடந்து போகிற ஆள் ஒரே இடத்தில் நின்றால் இங்கே யாரும் நிறுத்தாமல் போக மாட்டார்கள். "கையைக் காட்டு" என்றார். பார்த்துவிட்டு, தேய்க்காதே, கோட்டுக்குள் விட்டு அக்குளில் வைத்துக்கொள் என்றார். உறைந்த விரலைப் பனியால் தேய்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அது தோலைக் கிழித்துப் புண்ணாக்கத்தான் உதவும். வண்டிக்குள் உட்காரவைத்தார். பத்து நிமிடத்தில் விரல்களில் உயிர் வந்தது, ஊசியால் குத்துவது போல ஒரு வலி, அந்த வலி வந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் அவர், ஏரி பேசுவதைக் கேட்டிருக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்தக் குளிரில் எஞ்சினை நிறுத்தினால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ, அதனால் வண்டியை ஓடவிட்டுவிட்டு, சத்தம் எட்டாத தூரம் வரை என்னை நடத்திக் கூட்டிப்போனார். நின்றோம். ஒன்றுமில்லை. முதலில் கேட்டது எங்கள் மூச்சுதான், வெளியே விட்ட மூச்சின் ஈரம் அந்த நொடியே படிகமாகி மெல்லச் சரசரக்கிறது. சைபீரியாவில் யாகுத் மக்கள் இதை நட்சத்திரங்களின் கிசுகிசுப்பு என்கிறார்கள். 1947 பிப்ரவரி 3 அன்று கனடாவின் யூக்கான் பகுதியில் ஸ்நாக் என்ற இடத்தில் மைனஸ் 63 ஆனபோது, வெப்பமானியின் கடைசிக் கோட்டுக்கும் கீழே திரவம் இறங்கிவிட, கண்ணாடியில் கீறி அடையாளம் வைத்தார்களாம், கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருந்த நாய்களின் குரைப்பு பக்கத்தில் போலக் கேட்டதாம். தரையோடு குளிர்காற்று, மேலே அதைவிட வெதுவெதுப்பான காற்று என்று படிந்துவிட்டால் ஒலி மேலே சிதறாமல் வளைந்து தரைக்கே திரும்பிவிடும். படித்தபோது நம்ப முடியவில்லை, அன்றைக்கு நம்பினேன்.

பெரியவர் விரலை உயர்த்தினார். காலுக்கடியில் எங்கோ ஆழத்தில் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு சாட்டையைச் சொடுக்கினாற்போல "பியூவ்வ்" என்று கிழக்கேயிருந்து மேற்கே ஓடி மறைந்தது. எனக்கு உடம்பெல்லாம் பதறியது, ஓடத்தான் தோன்றியது. அவர் சிரித்தார். குளிர் ஏறும்போது பனிக்கட்டி சுருங்கும், சுருங்கும்போது விரியும் வெடிப்பின் சத்தம் அது, பனிக்கட்டி கனத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம் என்றார். அந்த விசித்திரமான ஒலிக்குக் காரணம் பின்னால் தெரிந்துகொண்டேன். பனித்தட்டில் கீச்சு ஒலி வேகமாக ஓடி முதலில் வந்து சேர்கிறது, கனத்த ஒலி பின்தங்கி வருகிறது, அதனால் உச்சியிலிருந்து வழுக்கி இறங்குவது போலக் கேட்கிறது.

போகும்போது, பொழுது சாய்ந்த பிறகு வந்து கேள், அப்போதுதான் நிறையப் பேசும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்கு இங்கே அதிக நேரம் ஆகாது. டிசம்பர் 21 அன்று பகல் ஐந்து மணி நேரம்கூட இல்லை, நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேலே 4 பாகைதான். ஆனால் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பத்து மணிக்கு உதயம் தொடங்கி, மறையும் வரை எல்லாமே விடியல் நிறம்தான், பனி மேல் இளஞ்சிவப்பு, நிழல்களெல்லாம் நீலம். தெளிந்த வானத்திலிருந்தே மேகமில்லாமல் பொடிப்பொடியாகப் படிகங்கள் மின்னிக்கொண்டு இறங்கும், வைரத்தூள் என்கிறார்கள். அந்த நாட்களில் சூரியனுக்கு இரண்டு பக்கமும் 22 பாகை தள்ளி இரண்டு போலிச் சூரியன்கள் நிற்கும். இரவானால் அதே படிகங்கள் ஒவ்வொரு தெருவிளக்குக்கும் மேலே ஓர் ஒளித்தூணை எழுப்பிவிடும், ஊரே தூண் மண்டபம் போல ஆகிவிடும். இங்கே வருகிறவர்கள் எல்லாம் துருவ ஒளிக்காகத்தான் வருகிறார்கள், அது நியாயம்தான், ஆனால் இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் தூங்கி அந்த வெளிச்சத்தைத் தவறவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

மறுநாள் மாலை போனேன். இந்த முறை விரல்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பெரிய கையுறை, உள்ளே கம்பளி, போனை எடுக்கவே இல்லை. பருத்தித் துணியை உடம்பை ஒட்டிப் போடாதீர்கள், வியர்வை பட்டால் ஈரமாகவே இருந்து குளிரை உள்ளே இழுக்கும். கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போய் நின்றேன். ஒரு அண்டங்காக்கை தலைக்கு மேலே பறந்து போனது, சிறகடிப்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. வடக்கே துருவ ஒளியின் ஒரு பச்சைப் பட்டை தெரிந்தது, மெதுவாக அசைந்து, திடீரென்று கீழ்விளிம்பு சிவந்து வானம் முழுக்க ஓடியது, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் நடப்பதால் அதில் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. சத்தமெல்லாம் கீழேதான் இருந்தது. அரை மணி நேரம் ஏரி ஓயவே இல்லை, இந்தக் கரையில் ஒன்று முனகினால் அக்கரையில் ஒன்று பதில் சொல்கிறது. நான் அசையாமல் நின்றிருந்தேன், ஒரு விரிசல் என் இரண்டு பாதங்களுக்கும் நடுவே மெல்லிய நூல் போல ஓடி நின்றது.