கூடுதல் ஷிப்டுக்குக் குழந்தை பார்க்கும் காசை எப்படிக் கேட்பது?

மண்டபம் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததிலிருந்து வரத்து குவிகிறது. வாரம் 3 நாள் இரவு 10 மணி வரை நிற்கச் சொல்கிறார்கள். மகளுக்கு 3 வயது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்ள 150 ரூபாய் வாங்குகிறார். குறை சொல்லமாட்டேன், சோறும் அவரே ஊட்டிவிடுகிறார். ஐஸில் விறைத்த விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டுதான் மகளைத் தூக்குகிறேன். சில்லென்று பட்டால் விழித்துவிடுவாள்.

கூடுதல் நேரத்திற்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் இருக்கிறது. சூப்பர்வைசரோ பழைய கூலியையே கணக்குப் போடுகிறார். அந்த 150-ஐத் தனியாகக் கேட்பதா, இரட்டிப்புக் கூலியையே கேட்பதா? தனியாகப் போவதா, எல்லாப் பெண்களும் சேர்ந்து போவதா? இப்படிப் பேசி வாங்கிய அக்காமார் இருந்தால் சொல்லுங்கள். வியாழக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.