மறு: பல் சிகிச்சையில் ‘நரம்புவழி மயக்கக் கலவை’

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை ரத்தக்குழாய் வழியே ஏற்றி நோயாளியை அரைத்தூக்கத்தில் வைக்கும் முறைக்கு (multi-drug intravenous sedation) ‘நரம்புவழி மயக்கக் கலவை’ என்ற தமிழ்ச்சொல் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. அதில் மூன்று சொற்களுமே எனக்கு இடறுகின்றன. கும்பகோணம் பக்கத்தில் பல் மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் ட்ரிப்ஸ் ஏற்றும் இடத்தையும் ‘நரம்பு’ என்பார்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் பல் பிடுங்கத் தாடை நரம்பை மரக்கவைக்கும் லிக்னோகெயின் ஊசியும் தனியாக உண்டு. ஒரே பத்தியில் இரண்டு நரம்பு வந்தால் மாணவர் குழம்பிப்போவார். மருந்து ஏற்றும் ரத்தக்குழாய்க்குப் பாடநூலில் உள்ள ‘சிரை’யே (vein) இருக்கட்டும்.

‘கலவை’ என்றால் ஒரே சிரிஞ்சில் கலந்தது போலத் தொனிக்கிறது. மிடசோலம், ஃபென்டனில் என்ற இரண்டு மருந்துகளையும் தனித்தனியே, சிறுகச் சிறுக, ஆளைக் கவனித்துக்கொண்டே ஏற்றுகிறோம். ‘பன்மருந்து’ பொருந்தும்.

‘மயக்கம்’தான் பெரிய சிக்கல். அந்தச் சொல்லைக் கேட்டதுமே பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். மயக்கவியல் மருத்துவர் உடனிருக்க, ஒரு பாட்டிக்குக் கடைவாய்ப் பல் எடுத்தோம். முடிந்ததும் கேட்டேன். “மயக்கமெல்லாம் இல்ல தம்பி, லேசா கண்ணசந்தேன். நீங்க வாயைத் தெறக்கச் சொன்னா தெறந்தேன்ல” என்றார். கூப்பிட்டால் பதில் சொல்லும் நிலை என்று இந்த முறைக்குள்ள இலக்கணத்தையே அவர் சொல்லிவிட்டார். ஆனால் ஊசி குத்தியது அவருக்கு நினைவில்லை. மிடசோலம் பதற்றத்தைக் குறைக்கும், நடந்ததையும் மறக்கடிக்கும். வலியைப் போக்காது, அதற்குத்தான் ஃபென்டனில். நம் ‘அயர்த்தல்’ என்ற சொல்லுக்கு மறத்தல் என்ற பொருளும் உண்டு. இதைவிட வாகான வேர் எங்கே கிடைக்கும்?

ஆகவே நிலைக்குக் ‘கண்ணயர்வு’, மருத்துவர் செய்வதற்குக் ‘கண்ணயர்த்தல்’. முழுத்தொடர்: பன்மருந்துச் சிரைவழிக் கண்ணயர்த்தல்.

சொல் மென்மையாக இருக்கிறதே, ஆபத்தை மறைத்துவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கவலை. 1990இல் வந்த ஓர் ஆய்வில் 12 தன்னார்வலர்களுக்கு இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது 11 பேருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது, 6 பேருக்கு மூச்சே நின்றது. ஏதாவது ஒன்றை மட்டும் கொடுத்தபோது ஒருவருக்கும் மூச்சு நிற்கவில்லை. அதனால்தான் ஃப்ளுமசெனில், நலாக்சோன் என்ற இரண்டு முறிமருந்துகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூச்சு குறைந்துபோகும் அந்த ஆபத்துக்கு (respiratory depression) தனிச்சொல் தேவை. ‘மூச்சுத் தணிவு’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது ஏதோ நிம்மதி போலக் கேட்கிறது. ‘மூச்சொடுக்கம்’ எப்படி?